கதிர் சுமந்த துகள்கள்

ரேடியத்தைப் பியரி கியூரியும் மேரி கியூரியும் 1898-ஆம் ஆண்டு டிசம்பரில் உலகுக்கு அறிவித்து மூன்று வருஷங்கள் நிறைவதற்குள், அதன் கிரணங்கள் மனித தேகத்தைச் சுட்டுப் புண்ணாக்கவல்லவை என்பது தெரிந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு செய்தியைச் சரிபார்க்க எண்ணிய பியரி கியூரி, தம் கையிலேயே ரேடியத்தைக் கட்டிவைத்துக்கொண்டு, புண் உண்டான விதத்தையும் அது ஆறிய விதத்தையும் நாள்வாரியாகக் குறித்து வந்தார். ஹென்றி பெக்கரலோ, சட்டைப்பையில் ஒரு சிறு குழாயை வைத்துக்கொண்டு திரிந்ததனால், விரும்பாமலே அதே அனுபவத்தைப் பெற்றார். இருவரும் 1901-இல் இதைச் சேர்ந்து வெளியிட்டார்கள். ஆரோக்கியமான சதையை எரிக்கும் கிரணம் நோயுற்ற சதையையும் எரிக்கும் அல்லவா என்ற யோசனை அதிலிருந்து தானாகவே பிறந்தது. பாரிஸ் நகரத்துச் செயின்ட் லூயி மருத்துவமனையில் சரும வைத்தியராக இருந்த தான்லோ என்பவர், கியூரியிடம் இரவல் வாங்கிய ரேடியத்தைக் கொண்டு, அதே ஆண்டில் தோல் க்ஷயத்துக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

தோலின் மேல் வைப்பது எளிது. கர்ப்பப்பையின் வாயிலோ நாக்கிலோ உள்ள கட்டிக்குள் பிளாட்டினக் கூட்டில் அடைத்த ரேடிய ஊசிகளைச் செருகி வைப்பதும், பழக்கத்தால் கைவந்த வித்தையாயிற்று. ஆனால் கையும் ஊசியும் எட்டாத இடத்தில், ஈரலின் ஆழத்திலும் எலும்பின் மஜ்ஜையிலும், ஒன்றாக இருந்து பத்தாகச் சிதறிப் பரவிய புற்றுநோய்க்கு என்ன செய்வது? கிரணத்தின் வலிமை முதல் நாளிலேயே தெரிந்திருக்க, அதைச் சுமந்து சென்று குறித்த இடத்தில் இறக்கி வைப்பதற்கு ஒரு வாகனத்தைத் தேடுவதிலேயே வைத்திய சாஸ்திரம் ஒரு நூற்றாண்டைக் கழித்திருக்கிறது. இன்று நானோ துகள்கள் என்று பெருமையாகப் பேசப்படுபவை அத்தேடலில் கடைசியாக வந்து சேர்ந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை மிகவும் முன்பே வந்துவிட்டன. வந்த காலத்தில் விளைத்த தீங்கு பெரிதாதலால், அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்க இக்காலத்தார்க்கு அவ்வளவாக விருப்பம் இல்லை போலும்.

வாகனமே இல்லாமல் கதிரியக்கப் பொருளை வாய்வழியே விழுங்கினால் என்ன ஆகும் என்பதை 1920-களின் அமெரிக்கா தெரிந்துகொண்டது. ரேடியம் கரைத்த நீரைச் சிறு புட்டிகளில் அடைத்து, 'ராடிதார்' என்ற பெயரில், சோர்வு முதல் ஆண்மைக்குறைவு வரை சகலத்துக்கும் சஞ்சீவி என்று விற்றார்கள். பிட்ஸ்பர்க் நகரத்து இரும்புத் தொழில் அதிபரும், 1906-இல் கோல்ஃப் ஆட்டத்தில் தேசிய வாகை சூடியவருமான ஈபன் பையர்ஸ், கைவலிக்கு வைத்தியர் சொன்னதன் பேரில் அதைக் குடிக்க ஆரம்பித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகளைக் காலி செய்தார். தாடை எலும்பு உளுத்து உதிர்ந்து, 1932 மார்ச் மாதக் கடைசி நாளில் அவர் இறந்தபோது, ஈயத்தகடு பதித்த பெட்டியில் வைத்துப் புதைக்க வேண்டியிருந்தது. ரேடியம் தனிம வரிசையில் கால்சியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது; தேகம் இரண்டுக்கும் பேதம் காணாமல் அதை எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உள்ளே சென்ற பொருள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியர் அல்லர் என்ற பாடம் இதில் அடங்கியிருந்தது. அதைக் கற்றுக்கொண்டவர்கள் சிலரே.

இனி தோரியத்துக்கு வருவோம். இந்த உலோகத்தின் கதை நம்முடைய கடற்கரையையும் தொட்டுச் செல்கிறது. மின்விளக்கு வீடுதோறும் வருவதற்கு முன்னால் ஐரோப்பிய நகரங்களின் தெருக்களை வெளிச்சமாக்கிய எரிவாயு விளக்குகளில், ஆஸ்திரிய ரசாயன நிபுணர் ஔவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த வலை ஒன்று இருந்தது. சுடரில் வெண்மையாக ஒளிரும் அந்த வலைக்குத் தோரியத்தின் ஆக்ஸைடே உயிர். அதற்கு வேண்டிய மோனசைட் மணலைத் தேடி உலகமெல்லாம் அலைந்தவர்களில் ஒருவரான ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், இந்தியாவிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அந்தத் தாதுவைக் கண்டு, கயிறு வந்த வழியே திருவிதாங்கூர் கரைக்கு 1909-இல் வந்து சேர்ந்தார் என்பது அத்தொழிலில் வழங்கும் வரலாறு. மணவாளக்குறிச்சியில் அவர் தொடங்கிய ஆலை, முதல் மகாயுத்தம் மூண்டதும் அவர் கையைவிட்டுப் போயிற்று. மணல் மட்டும் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது அந்தக் கறுப்பு மணற்கரையும் நம்முடன் வந்தது.

விளக்கு வலைக்கு உதவிய அதே தோரியம் டையாக்ஸைடை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகில் ராடபோய்ல் என்னுமிடத்திலிருந்த ஹைடன் என்ற ரசாயனக் கம்பெனி, 1920-களின் இறுதியில், நீரில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடாமல் இருக்க டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பொருளைச் சேர்த்து, 'தோரோட்ராஸ்ட்' என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. எக்ஸ்-ரே படத்தில் ரத்தக் குழாய்கள் தெரிவதற்காக ஊசி மூலம் செலுத்தும் திரவம் அது. இத்தகைய கூழ்மத்தில் ஒவ்வொரு துகளும் சில நானோ மீட்டர் அளவே, அதாவது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் பங்கில் சில பங்கே. தோரியத்தின் அணு எண் 90 ஆதலால் எக்ஸ்-கிரணத்தை அது நன்றாகத் தடுத்து, படத்தில் பளிச்சென்று வெண்மையாக விழுந்தது; அதற்கு முன் உபயோகித்த அயோடைடு உப்புக்களைப் போல நரம்பில் எரிச்சலை மூட்டவும் இல்லை, நோயாளி முகம் சுளிக்கவும் இல்லை. மூளையின் ரத்தக் குழாய்களை 1927-இல் முதன்முதல் படம்பிடித்துக் காட்டிய லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் என்ற வைத்திய மேதை, 1931 முதல் தோரோட்ராஸ்டையே கையாளத் தொடங்கினார். அவருடைய கீர்த்தி அந்த மருந்துக்கும் கீர்த்தியாயிற்று.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்தியற் குழு 1932-லேயே இது கதிரியக்கமுள்ள பொருள், தேகத்தை விட்டு நீங்காதது, ஜாக்கிரதை வேண்டும் என்று எச்சரித்திருந்தும், ஊசி போட்ட அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற கண்கூடான சாட்சியத்தின் முன்னால் அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. இருபது முப்பது வருஷம் கழித்து வரப்போகும் கேட்டை இன்றைய நோயாளியின் முகத்தில் எவர் படிக்க முடியும்? ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எங்கணும், யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்கள் உள்பட லட்சக்கணக்கான பேருக்கு, 1950-கள் வரையில் அது செலுத்தப்பட்டது.

செலுத்திய துகள்கள் போய்த் தங்கிய இடம் எது என்பதை அறிய, இன்னும் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். கார்ல் ஃபான் குப்ஃபர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்று ஆசிரியர், கல்லீரலில் ஓடும் நரம்பிழைகளைக் காண விரும்பி, 1876-இல் ஈரலின் மெல்லிய சீவல்களைப் பொன் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். நரம்பு தென்படவில்லை, கறுத்து, கிளைவிட்டு, நட்சத்திரம் போன்ற வடிவமுள்ள உயிரணுக்கள் அங்கங்கே தெரிந்தன. அவை இன்னவை என்பதில் அவருக்கே பல வருஷம் தெளிவில்லாமல் இருந்து, ரத்தத்தில் வரும் அந்நியப் பொருள்களைப் பிடித்து விழுங்குபவை அவையே என்று பிற்பாடு எண்ணினார்; உண்மையில் விழுங்குபவை வேறு உயிரணுக்கள், ஆயினும் குப்ஃபர் அணு என்ற பெயர் அவற்றுக்கே நிலைத்தது. கல்லீரலின் உட்புறத்தில், ரத்தம் வேகம் குறைந்து கசிந்து ஊரும் குறுகிய ஓடைகளின் சுவரில் இந்தக் குப்ஃபர் அணுக்கள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. செத்த சிவப்பணு, குடலிலிருந்து தப்பி வந்த கிருமி, இவற்றோடு, ஒரு நுண்ணிய துகள் ரத்தத்தில் புகுந்தால் அதன்மேல் சில நொடிகளுக்குள் ரத்தப் புரதங்கள் படிந்து விடுவதால் அதையும் இன்னது என்று கண்டுகொண்டு, கையைச் சுற்றி உள்ளிழுத்துக்கொள்கின்றன. தேகமென்னும் ராஜ்யத்தின் சுங்கச்சாவடி என்றே இந்த உறுப்பைச் சொல்லிவிடலாம். சரக்கை இறக்காமல் அதைக் கடந்து போவது அரிது. மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இவற்றின் உறவினர் இருக்கிறார்கள்.

தோரோட்ராஸ்டில் ஏறக்குறையப் பத்தில் ஆறு பங்கு கல்லீரலிலும், மூன்று பங்கு மண்ணீரலிலும் போய் அடைந்து, எஞ்சியதில் பெரும்பகுதி மஜ்ஜையில் தங்கிற்று. குப்ஃபர் அணு அதை விழுங்கியதே ஒழிய, ஜீரணிக்கவும் முடியவில்லை, வெளியே தள்ளவும் வழியில்லை; அந்த அணு இறந்தால் அடுத்த அணு அதை எடுத்து விழுங்கும். தோரியம்-232 பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒருமுறை போட்ட ஊசி ஆயுட்காலச் சிகிச்சையாக, அதாவது ஆயுட்காலத் தண்டனையாக, ஆல்ஃபா கிரணங்களை அங்கேயே இருந்து பொழிந்துகொண்டிருந்தது. 1947-இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு நோயாளியின் கல்லீரலில் ரத்தக் குழாய்ச் சுவரில் எழுந்த அபூர்வமான புற்றுநோயை இதனோடு சம்பந்தப்படுத்தி எழுதினார்கள். பிறகு ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் முதலிய தேசங்களில் ஊசி பெற்றவர்களின் பட்டியல்களைத் தேடியெடுத்து, பல்லாண்டு விடாமல் பின்தொடர்ந்த ஆராய்ச்சிகள் ஈரல் புற்றும் ரத்தப் புற்றும் அவர்களிடையே மிகுந்திருப்பதை ஐயத்துக்கு இடமின்றி ஸ்தாபித்தன. கதிரியக்க நானோ துகள்களை மனித ரத்தத்தில் பெருவாரியாகச் செலுத்திப் பார்த்த முதற்பரிசோதனை இது என்று நான் கருதுகிறேன். பரிசோதனை என்ற எண்ணமே இல்லாமல் நடந்துவிட்டது என்பதே இதன் விசேஷம்.

இதற்கு நேர்மாறான ஒரு மார்க்கம் அதே காலத்தில் திறந்தது. ஐரீன் கியூரியும் அவர் கணவர் ஜோலியோவும் 1934 ஜனவரியில் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்ததனால், சாதாரணத் தனிமங்களையும் சிறிது காலத்துக்குக் கதிர் வீசும்படி செய்யலாம் என்று ஏற்பட்டது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன், பௌதிகம் வைத்தியத்துக்கு என்ன செய்ய முடியும் என்பது பற்றி ஒரு பகலுணவுக் கூட்டத்தில் பேசினார். பேச்சு முடிந்ததும், பாஸ்டன் பொது மருத்துவமனையொன்றின் தைராய்டு பிரிவை நடத்தி வந்த சால் ஹெர்ட்ஸ் என்னும் இளம் வைத்தியர் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். காம்ப்டனுக்கு உடனே விடை தெரியவில்லை; ஒரு மாதம் கழித்து, முடியும் என்று கடிதம் எழுதினார். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி உடம்பிலுள்ள அயோடினையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும் என்பது வைத்தியருக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். ஆகவே ஹெர்ட்ஸ் கேட்ட கேள்வியில் வாகனமும் விலாசமும் இரண்டும் அடங்கியிருந்தன. முயல்களில் சோதித்து, சைக்ளோட்ரானில் உண்டாக்கிய கதிரியக்க அயோடினை 1941-இன் தொடக்கத்தில், சுரப்பி மிகையாக வேலைசெய்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒரு கோப்பை நீரைக் குடித்துவிட்டு நோயாளி வீட்டுக்குப் போனார். இத்துறையில் அதைவிட அழகான சிகிச்சை இன்றுவரை தோன்றவில்லை என்பது என் அபிப்பிராயம். 1946-இல் நியூயார்க்கில் சைட்லின் என்பவரும் சகாக்களும், எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிய தைராய்டு புற்றைக்கூட அதே அயோடின் தேடிச்சென்று அடக்கியதை விவரித்தார்கள்.

ரேடியம் எலும்பைத் தேடிப் போன அதே குணத்தை, பையர்ஸின் மரணத்துக்குக் காரணமான அந்தக் குணத்தையே, பிற்காலத்தார் நன்மைக்குத் திருப்பினார்கள். எலும்பில் பரவிய புற்றின் வேதனையைத் தணிக்கும் ஸ்ட்ரான்ஷியம்-89-ஐக் கல்பாக்கத்து வேக ஈனுலையில் யிட்ரியத்திலிருந்து தயாரித்திருக்கிறார்கள். ரேடியத்தின் வேறொரு ஐசோடோப்பான ரேடியம்-223, 2013-இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் தைராய்டையும் எலும்பையும் தவிர்த்தால் இப்படித் தானே வழி தெரிந்து போகும் தனிமம் கிடைப்பது துர்லபம். மற்ற உறுப்புக்களுக்கு ஏதேனும் ஒரு வாகனம் வேண்டியே இருந்தது. மறுபடியும் துகள்களை நோக்கி வைத்தியர்கள் திரும்பியதற்குக் காரணம் இதுவே.

1944-இல் கலிபோர்னியாவில் ஜோன்ஸ், ரோபல், லயன்ஸ் என்ற மூவர், கதிரியக்கப் பாஸ்பரஸைக் குரோமிக் பாஸ்பேட் துகள்களாக்கிச் செலுத்தி, அது கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போவதைக் காட்டினார்கள். அவர்கள் அதையே வேண்டித்தான் செய்தார்கள். அதற்குச் சற்றுப் பின், டென்னசி ராஜ்யத்தின் நாஷ்வில் நகரத்தில் பால் ஹான் என்பவர் ஷெப்பர்டு முதலியோருடன் சேர்ந்து பொன்னைக் கையிலெடுத்தார். பொன் இதற்கு மிகவும் உகந்த உலோகம்: இயற்கையில் அதற்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே, பொன்-197, அணு உலையில் வைத்தால் ஒரு நியூட்ரானை விழுங்கிப் பொன்-198 ஆகிறது. அது 2.7 நாளில் பாதியாகக் குறைந்து, சதையில் சில மில்லிமீட்டர் தூரமே பாயும் பீட்டா கிரணத்தையும், தேகத்தை ஊடுருவி வெளியே வரும் காமா கிரணத்தையும் வீசி, முடிவில் பாதரசமாக மாறிவிடுகிறது. ரசத்தைப் பொன்னாக்கப் புடம் போட்ட நம் சித்தர்கள் இந்த நேர்மாறான ரசவாதத்தைக் கண்டால் என்ன சொல்லியிருப்பார்களோ! உலையிலிருந்து வந்த பொன்னை அமிலத்தில் கரைத்து, ஜெலட்டின் சேர்த்து, ஆரஞ்சுப் பழத்திலுள்ள அஸ்கார்பிக் அமிலத்தால் மீண்டும் உலோகமாக்கும்போது, கட்டியாகத் திரளாமல், நானோ அளவுள்ள துகள்களாக நின்று, திரவம் மாணிக்கம் போலச் சிவக்கும். ஈயச்சுவரின் இப்புறம் நின்று, நீண்ட இடுக்கியால் புட்டியைத் தூக்கி, ஈய உறை போட்ட ஊசிக் குழலில் ஏற்றும்போது, அந்தச் செந்நிறத்தைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் நேரமில்லை.

ரத்தத்தில் செலுத்தினால் இதுவும் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது. ரத்தப் புற்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தவர்கள், மருந்தின் பெரும்பாகம் ஈரலில் முடங்குவதைக் கண்டார்கள். ஆகையால் ரத்தத்தை விட்டுவிட்டு, நோயுள்ள அறைக்குள்ளேயே நேராக ஊற்றும் வழக்கம் வந்தது. ஜூரிக் நகரத்து முல்லரும் அவரைப் பின்பற்றியோரும் புற்றுநோயால் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சுரக்கும் நீரை வற்றவைக்க அந்தக் குழிகளில் பொற்கூழ்மத்தை விட்டார்கள். அயோவா சர்வகலாசாலையின் ரூபின் ஃபிளாக்ஸ், 1951 முதல், அறுவையில் முழுதும் அகற்ற முடியாத புரோஸ்டேட் கட்டிகளுக்குள் அதை ஊசியால் ஏற்றினார். வியன்னாவில் ஃபெலிங்கரும் ஷ்மிட்டும் 1952-இல் வாத நோயால் வீங்கிய முழங்கால் மூட்டுக்குள் செலுத்தினார்கள். ஈரலின் பிடிவாதத்தையே உபயோகமாக்கியவர்களும் உண்டு: கூழ்மம் போய்த் தங்கும் இடத்திலிருந்து வரும் காமா கிரணத்தைக் குறித்துக் கல்லீரலின் வடிவத்தைப் படமாக்கினார்கள். அந்த வேலைக்குப் பொன்னை விட மிருதுவான டெக்னீஷியம்-99எம் ஏற்றிய கந்தகக் கூழ்மம் 1964-இல் வந்தது.

பொற்கூழ்மத்தின் காலம் நெடிது நிலைக்கவில்லை. வெளியே பாயும் காமா கிரணம் பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் பணிவிடை செய்யும் தாதிகளுக்கும் பங்கு வைத்தது; குழிக்குள் ஊற்றிய திரவம் எங்கும் சமமாகப் பரவாமல் ஒரு மூலையில் தேங்கிக் குடலைப் புண்ணாக்கியதும் உண்டு; ரசாயன மருந்துகள் வேறு பெருகி வந்தன. 1970-களுக்குள் பெரும்பாலான மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. ஹானைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதே நாஷ்வில் நகரத்தில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையின் கர்ப்ப மருத்துவப் பிரிவில், 1940-களின் பின்பாதியில், 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு, அவர்களுக்குத் தெரிவிக்காமலே, கதிரியக்க இரும்பு கலந்த பானம் தரப்பட்ட ஆராய்ச்சியை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். உண்மை பின்னர் வெளிவந்து, வழக்காகி, 1990-களின் இறுதியில் சமரசமாயிற்று. இத்துறையின் முன்னோடிகளைப் போற்றும் நூல்கள் பொன்னைச் சொல்லி இரும்பை மறைக்கின்றன.

விலாசத்தை எழுதி அனுப்பும் வேறொரு முயற்சியும் இடையில் நடந்தது. குறிப்பிட்ட நோயை மட்டும் தேடிச் சென்று தாக்கும் மந்திரக் குண்டைப் பற்றி பால் ஏர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேசியிருந்தார். டேவிட் பிரஸ்மன் 1940-களில் எதிர்ப்பொருள்களில் கதிரியக்க அயோடினைப் பிணைத்து அந்தக் குண்டைச் செய்து பார்த்தார். ஒரே வார்ப்பில் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்ட பிறகே அது நிலைக்கு வந்து, 2002-இல் லிம்ஃபோமா நோய்க்கு யிட்ரியம்-90 ஏந்திய முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஓர் எதிர்ப்பொருள் மூலக்கூறு தன்மேல் ஏற்றிக்கொள்ளக்கூடிய கதிரணுக்கள் ஒன்றிரண்டே; ஒரு துகளிலோ ஆயிரக்கணக்கில் ஏற்றலாம். சுமைதாங்கும் இந்தச் சக்திதான் விஞ்ஞானிகளை மறுபடி துகள் பக்கம் இழுத்தது.

கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் என்னும் ஊரில் அலெக் பாங்கம், 1960-களின் முற்பகுதியில், முட்டையிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் நீரில் பட்டதும் தானாகவே நுண்ணிய பைகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். லைப்போசோம் என்று வழங்கும் அப்பைகளுக்குள் மருந்தை அடைக்கலாம் என்று ஏற்பட்டது. பையின் மேல் பாலிஎதிலீன் கிளைக்கால் இழைகளை நட்டால் ரத்தப் புரதங்கள் எளிதில் ஒட்டாமல், குப்ஃபர் அணுக்களின் கண்ணைச் சிறிது நேரம் மறைக்கலாம் என்பது 1990 வாக்கில் தெளிவாயிற்று. இதற்கிடையே ஜப்பானில் மத்சுமுராவும் மயேதாவும் 1986-இல் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டியிருந்தார்கள்: அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்கள் செப்பமின்றி ஓட்டை விழுந்தவை, அங்கே கழிவு வடியும் நாளமும் சரியில்லை, ஆதலால் உருவில் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து புகுந்து தேங்கிவிடுகின்றன என்று. சுங்கத்தை ஏமாற்றிச் சில மணி நேரம் ரத்தத்தில் சுற்றிவந்தால் கட்டி தானே துகளை வாங்கிக்கொள்ளும் என்ற ஆசை, அடுத்த முப்பது வருஷத்து ஆராய்ச்சிக்கு ஆதார சுருதியாக இருந்தது. எலிகளின் கட்டிகளில் அது இசைந்தும் வந்தது. 2016-இல் டொரண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், முந்திய பத்தாண்டுகளில் வெளியான பரிசோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்று அடைந்தது, இடைநிலைக் கணக்கில், 0.7 சதவீதமே என்று கண்டார்கள். சாதாரண மருந்தென்றால் வீணாய்ப் போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். கதிர்வீசும் மருந்தில் வீணானது எதுவும் சும்மா இருப்பதில்லை, போன இடத்தில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மிசூரி சர்வகலாசாலையில், இந்தியாவிலிருந்து சென்ற காட்டேஷ் கட்டி முதலியோர் பொன்-198-ஐ மீண்டும் எடுத்தாண்ட விதத்தை இந்தப் பின்னணியில்தான் நோக்க வேண்டும். மையிலும் மிட்டாயிலும் சேர்க்கும் வேல மரத்துப் பிசினைப் பொன் துகளுக்குப் போர்வையாக்கினார்கள். பிறகு தேயிலையிலுள்ள ஒரு பாலிஃபீனால் பொருளைக் கொண்டு பொன்னைத் துகளாக்கி, அதே பொருளைத் துகளின்மேல் விலாசமாகவும் அமைத்தார்கள். புரோஸ்டேட் புற்றணுக்களின் மேற்புறத்தில் மிகுந்திருக்கும் ஓர் ஏற்பியை அது பற்றிக்கொள்கிறது. எலிகளில் வளர்த்த மனிதப் புரோஸ்டேட் கட்டிகள் 28 நாளில், சிகிச்சை பெறாதவற்றோடு ஒப்பிட, 80 சதவீதம் சுருங்கியிருந்தன என்று 2012-இல் வெளியிட்டார்கள். வளர்ப்பு நாய்களின் புரோஸ்டேட் புற்றிலும் பிசின் போர்த்திய பொன் சோதிக்கப்பட்டது. பிசினும் தேயிலையும் பத்திரிகைகளுக்கு இனித்தன. நான் கவனித்தது வேறொன்று: எலிக்கும் நாய்க்கும் மருந்தை அவர்கள் ரத்தத்தில் ஏற்றவில்லை; ஊசியைக் கட்டிக்குள்ளேயே செருகினார்கள். அறுபது வருஷத்துக்கு முன் அயோவாவில் ஃபிளாக்ஸ் எந்த உலோகத்தை எந்தச் சுரப்பியில் எந்த வழியாக ஏற்றினாரோ, அந்த உலோகத்தை அந்தச் சுரப்பியில் அந்த வழியாகவே ஏற்றினார்கள். துகளின் செப்பம் ஏறியிருக்கிறது, கட்டியை விட்டுக் கசிவது குறைந்திருக்கிறது, வழி மாறவில்லை.

துகள் இன்றியமையாததாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஆக்டினியம்-225-இன் விஷயம். பத்து நாளில் பாதியாகும் இத்தனிமம், பிரான்சியம், அஸ்டடைன், பிஸ்மத், பொலோனியம் என்று வரிசையாக மாறிச் செல்கையில், நான்கு ஆல்ஃபா துகள்களை வீசுகிறது. ஒவ்வொன்றும் சில உயிரணுக்களின் அகலமே பாய்ந்து, பாய்ந்த வழியில் மரபணு இழைகளைச் சிதைத்துவிடும். சிகிச்சைக்கு இதைவிடக் கூரிய ஆயுதம் இல்லை. ஆனால் ஆல்ஃபா ஒரு புறம் பாய்கையில் எஞ்சிய அணு மறுபுறம் உதைபட்டுத் தெறிக்கிறது. அந்த உதையின் சக்தி ஒரு ரசாயனப் பிணைப்பை முறிக்கத் தேவையானதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் என்பதால், எதிர்ப்பொருளோடு எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தாலும் மகவுத் தனிமம் விடுபட்டு ஓடி, பிஸ்மத்-213 ஆகிச் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தாரும் கூட்டாளிகளும் இதற்குக் கண்ட பரிகாரம், ஆக்டினியத்தை லாந்தனம் பாஸ்பேட் படிகத் துகளின் நடுவில் புதைத்து, அதன்மேல் பொன் முலாம் பூசுவது. தெறிக்கும் அணு படிகத்துக்குள்ளேயே சில பத்து நானோ மீட்டர் முட்டிமோதி ஓய்ந்துவிடும். அந்த ஆக்டினியத்தின் பிறப்பிடமும் தோரியமே: அமெரிக்கா பழைய நாளில் உலையிலிட்டுத் தோரியத்திலிருந்து ஆக்கிய யுரேனியம்-233 சிதைந்து தோரியம்-229 ஆகிறது, அதிலிருந்து ஆக்டினியத்தைக் கறந்தெடுக்கிறார்கள். இவ்வளவு பிரயாசைப்பட்டுச் செய்த துகளை எலியின் ரத்தத்தில் விடுவதற்கு முன்னால், குளோட்ரோனேட் என்ற மருந்தை லைப்போசோமில் அடைத்துச் செலுத்தி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்களைக் கொன்றுவிட்டால், துகள் குறித்த இடத்தில் சேரும் அளவு கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். எலிக்குச் செய்யலாம்.

மனிதரிடம் முன்னேறிவரும் முயற்சி, ரத்தத்தைத் தொடாமல் போவதையே தேர்ந்திருக்கிறது. டெக்சஸ் ராஜ்யத்துச் சான் அன்டோனியோவில் உருவான முறையில், ரேனியம்-186 என்ற ஐசோடோப்பை ஏறக்குறைய நூறு நானோ மீட்டர் அளவுள்ள லைப்போசோம்களுக்குள் அடைத்து, அறுவைக்குப் பின்னும் திரும்ப முளைத்த மூளைக் கட்டிக்குள் மண்டையோட்டின் வழியே நுண்ணிய குழாயைச் செருகி, மெல்லிய அழுத்தத்தில் மணிக்கணக்காகச் செலுத்துகிறார்கள். கரைசலாக விட்டால் மூளையிலிருந்து விரைவில் கசிந்துவிடும் ரேனியம், பைக்குள் இருப்பதால் கட்டியிலேயே தங்குகிறது. 90 மணி நேரத்தில் பாதியாகிறது. முதற்கட்டச் சோதனையில் சிகிச்சை பெற்ற 21 பேரின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. கட்டியில் 100 கிரே அளவுக்கு மேல் (ஏற்ற கிரணத்தை அளக்கும் அலகு கிரே) கிரணத்தை ஏற்றவர்கள், அதற்குக் குறைவாக ஏற்றவர்களைக் காட்டிலும் நீண்ட காலம் உயிர்வாழ்ந்தார்கள். ஆட்கள் குறைவாதலால் அதைக் கொண்டு பெரிதாக ஒன்றும் ஸ்தாபித்துவிட முடியாது. ஆயினும் ரேனியம் பீட்டாவோடு சிறிது காமா கிரணத்தையும் வீசுவதனால், மருந்து கட்டியை எவ்வளவு மூடியது, எந்த ஓரத்தைத் தொடாமல் விட்டது, கல்லீரலுக்கு ஏதாவது ஒழுகியதா என்பதை, செலுத்திய அன்றும் தொடர்ந்து வரும் நாட்களிலும் படம்பிடித்துப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொள்கிறார்கள்.